முன்பாரம்

கேப்டன் தன் மனைவியை முதன்முதலில் நிறுத்துப் பார்த்தது மீன் தராசில். ஏரிப் படகுத்துறை ஓரத்தில் மீனைக் கூடையோடு தூக்கி வைத்து நிறுக்கிற இரும்புப் பலகைத் தராசு அது. மேலெல்லாம் செதில் ஒட்டிக் காய்ந்திருந்தது.

"செருப்பைக் கழட்டிட்டு ஏறு," என்றார்.

அவள் கொண்டுவந்த சாப்பாட்டுத் தூக்கைக் கீழே வைத்தாள். செருப்பைக் கழற்றி, ஈரத்தில் வழுக்காமல் இருக்கப் பாதத்தைப் பக்கவாட்டில் ஊன்றி ஏறினாள். முள் இரண்டு தடவை ஆடி நின்றது.

"அறுபத்திரண்டு!" கேப்டன் கை தட்டினார். "மச்சான், ஆர்டர் குடுத்துச் செஞ்ச மாதிரி இருக்கு பாரு!"

பக்கத்தில் நின்றிருந்த அவளுடைய அண்ணனும் சிரித்தான். சிரிக்காமல் இருந்திருக்கலாம். ஆனால் அறுபது கிலோ என்ற கணக்கே அவன் சொன்னதுதான்.

அண்ணனை எல்லோரும் ஃபைபர் என்றுதான் கூப்பிடுவார்கள். ஃபைபர் படகுகளுக்கு ஒட்டுப்போடும் பட்டறை வைத்திருந்தான். அவன் சட்டையை உதறினால் கண்ணாடி இழைத் தூள் பறக்கும், பக்கத்தில் உட்கார்ந்தவனுக்கு அரிப்பெடுக்கும். கேப்டன் எந்தக் கப்பலிலும் கால் வைத்தவரில்லை. இன்ஜின் உதிரிபாகக் கடை வைத்திருந்தார். வெள்ளைத் தொப்பி போட்டுக்கொண்டு, தன்னை அப்படிக் கூப்பிடாதவர்களை மூன்றாவது தடவைதான் திரும்பிப் பார்ப்பார்.

அவருடைய பந்தயப் படகு பதினாறடி நீளம். மஞ்சள் உடம்பு, பின்னால் நூற்றைம்பது குதிரைத்திறன் இன்ஜின். மணிக்கு எண்பது கிலோமீட்டர் வரைக்கும் அதைப்போல சமத்துப் படகு கிடையாது. தொண்ணூறைத் தாண்டினால்தான் வம்பு. அந்த வேகத்தில் படகு தண்ணீரைவிட்டு எழும்பிவிடும். வால் பக்கத்துக் கடைசி இரண்டடி மட்டும்தான் தண்ணீரைத் தொட்டுக்கொண்டிருக்கும். அடிப்பாகமோ உளி மாதிரிக் கூர்ப்பு. கூர்மேல் எத்தனை நேரம் நிற்க முடியும்? இடது பக்கம் சாயும். ஸ்டியரிங்கை மாற்றித் திருப்பினால் வலது பக்கம் விழும். மறுபடி இடது, முன்னதைவிடப் பெரிதாக. நான்கு ஆட்டத்துக்குள் வேகத்தைக் குறைக்காவிட்டால் ஐந்தாவது ஆட்டத்தில் ஓட்டுகிறவன் தண்ணீரில் கிடப்பான். போன வருஷம் கேப்டன் அப்படித்தான் கிடந்தார். பல் ஒன்று போயிற்று.

"மூக்குல பாரம் இல்ல மாப்பிள்ளை," என்றான் ஃபைபர். "முன்னாடி ஒரு அறுபது கிலோ வெச்சோம்னா கூட ஒரு முழம் தண்ணியில உக்காரும். ஆட்டம் அடங்கும்."

மணல் மூட்டை ஏற்றிப் பார்த்தார்கள். நேர் ஓட்டத்தில் படகு அப்படியே அடங்கிப் போயிற்று. ஆனால் மிதவையைச் சுற்றித் திரும்பும்போது முன்பாரம் மூக்கை இழுத்துத் தண்ணீரில் குத்தியது. மூட்டை கிழிந்து மணல் முழுக்கக் கேப்டன் மடியில். நேராகப் போகும்போது பாரம் முன்னால் வேண்டும், திரும்பும்போது பின்னால் வரவேண்டும். ஈயக்கட்டியைப் போல்ட் போட்டு இறுக்கினாலும் இது நடக்காது. கட்டி நகராது.

"அப்ப நகர்ற மூட்டை வேணும்," என்று கேப்டன் சொல்லிக்கொண்டிருந்தபோதுதான் அவள் சாப்பாட்டுத் தூக்கோடு படகுத்துறைப் பலகையில் நடந்து வந்தாள்.

போட்டி இரண்டு பேர் ஏறுகிற பிரிவு. இரண்டாவது ஆள் உட்கார்ந்திருக்க வேண்டும் என்று விதியில் எங்கேயும் எழுதியிருக்கவில்லை.

அன்று மத்தியானமே அவளை ஏற்றினார்கள். உயிர்காக்கும் ஜாக்கெட்டை மாட்டி, மூக்குப் பகுதியின் வெறுந்தரையில் குப்புறப் படுக்க வைத்தார்கள். பிடித்துக்கொள்ள ஒரு கயிற்றை வளையமாகக் கட்டிக் கொடுத்தவன் ஃபைபர். "தவழ்"னு சொன்னா பின்னாடி வரணும். "போ"னு சொன்னா முன்னாடி போகணும். வலிச்சா கையைத் தூக்கணும். இவ்வளவுதான் கேப்டன் சொன்ன பாடம்.

"அண்ணா, எனக்கு நீச்சல் தெரியாதே," என்றாள்.

"அதான் ஜாக்கெட் இருக்கே."

கரையிலிருந்து பார்க்கும்போது அழகாகத்தான் இருந்தது. தொண்ணூறு, தொண்ணூற்றைந்து, நூறு. மஞ்சள் படகு மேசையிலிருந்து இழுத்த டிராயர் மாதிரி ஒரே சீராகப் போயிற்று. ஃபைபருக்கு நெஞ்சு விம்மியது. நாலு சுற்று முடிந்து வந்ததும் கேப்டன் குதித்திறங்கி அவனைக் கட்டிக்கொண்டார். தங்கை பலகையில் உட்கார்ந்து ஏரிக்குள் வாந்தியெடுத்தாள். இரண்டு முழங்காலிலும் தோல் வழன்றிருந்தது.

அன்றிலிருந்து கேப்டன் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. 'மூட்டை'தான். "மூட்டை கெளம்பிடுச்சா?", "மூட்டை, காபி குடு." வீட்டில் செருப்பு அடுக்குக்குப் பக்கத்தில் ஒரு தராசு வாங்கிப் போட்டார். காலையில் பல் தேய்த்தவுடன் அவள் ஏற வேண்டும். காலண்டரில் தேதிக்குக் கீழே பென்சிலால் எடையை எழுதிவைப்பார். அறுபத்து மூன்று வந்தால் ராத்திரிக்குச் சாப்பாடு இல்லை. அறுபத்தொன்று வந்தால் எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, அவள் குமட்டுகிற வரைக்கும் ஊட்டுவார். விருந்தாளிகள் வந்தால் அந்தக் காலண்டரைக் காட்டுவார்.

"எம் பொண்டாட்டி எனக்கு எவ்வளவு முக்கியம்னு நெறைய பேருக்குத் தெரியாது. எனக்கு கிராம் சுத்தமாத் தெரியும்."

எல்லோரும் சிரிப்பார்கள். அவளும் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போவாள்.

போட்டிக்கு இரண்டு வாரத்துக்கு முன்னால் அவளுக்குக் காய்ச்சல் வந்து மூன்று கிலோ இறங்கிவிட்டது. கேப்டன் பட்டறைக்கு ஒரு பெல்ட்டோடு வந்தார். முத்துக்குளிக்கிறவர்கள், அடிக்குப் போவதற்காக இடுப்பில் கட்டிக்கொள்கிற ஈயக் கட்டி வைத்த பெல்ட்.

"இவ இடுப்புக்கு லூசா இருக்கு மச்சான். ஓட்டை போட்டுக் குடு."

"மாப்பிள்ளை, தண்ணியில விழுந்தா..."

"விழவா கூட்டிட்டுப் போறேன்?"

ஃபைபர் மனசுக்குள் கணக்குப் போட்டான். மூன்று கிலோ ஈயத்தை ஜாக்கெட் தாங்கும். தாங்கத்தான் வேண்டும். தங்கையை நிற்க வைத்து, பெல்ட்டைச் சுற்றி, விரலால் இடத்தைக் குறித்து, ஆணியைக் காய்ச்சி மூன்று ஓட்டை போட்டான்.

"மூச்சு விட முடியுதா?"

"முடியுது."

"ரொம்ப இறுக்கமா இல்லையே?"

"இல்ல."

அதற்கு இரண்டு நாள் கழித்து அவள் தனியாகப் பட்டறைக்கு வந்தாள். அவன் ஒரு படகின் விளிம்பைத் தேய்த்துக்கொண்டிருந்தான். அவள் உட்காரவில்லை. உட்கார்ந்தால் எழுந்திருக்கும்போது வலிக்கிறதாம்.

"அண்ணா, அந்தப் படகைச் சரி பண்ண முடியுமா, முடியாதா? எனக்கு நெஜத்தைச் சொல்லு."

அவன் உப்புத்தாளைக் கீழே வைத்தான். அவனுக்குத் தெரியும். முதல் வாரமே படகுக்கு அடியில் படுத்து, ஆறடி அலுமினியச் சட்டத்தை வைத்துப் பார்த்துவிட்டான். வால் பக்கத்தில் இடது பாதி லேசாகக் குழிந்திருந்தது, வலது பாதி லேசாக உப்பியிருந்தது. விரலால் தடவினால் தெரியாது, சட்டத்துக்குத் தெரிந்தது. ஸ்டியரிங் கேபிளில் வேறு அரை அங்குலம் தளர்வு. பெட்ரோல் டேங்க் இருக்கக்கூடாத இடத்தில் இருந்தது.

"முடியும்."

"எத்தனை நாள் ஆகும்?"

"கவுத்துப் போட்டுச் செய்யணும். மூணு வாரம்."

"போட்டிக்கு எத்தனை நாள் இருக்கு?"

"பன்னெண்டு."

"அப்ப இந்தத் தடவை வேணாம்னு அவருகிட்ட சொல்லு."

அவன் உப்புத்தாளை மறுபடி எடுத்தான். பட்டறையின் மூலையில் சிவப்புப் பெயின்ட் டப்பாவும், வெட்டி வைத்த அட்டை எழுத்துகளும் இருந்தன. படகின் இரண்டு பக்கத்திலும் முழ உயரத்தில் பட்டறையின் பெயரை எழுதிக்கொள்ளக் கேப்டன் அனுமதித்திருந்தார். போட்டியைப் பார்க்க நாலு ஊர்க்காரர்கள் வருவார்கள்.

"மாப்பிள்ளை கேக்க மாட்டார்," என்றான்.

"நீ சொல்லிப் பாத்தியா?"

அவன் விளிம்பைத் தேய்க்கத் தொடங்கினான்.

"நான் கையைத் தூக்குறேன்ண்ணா. வலிச்சா தூக்குன்னு அவருதான் சொன்னாரு. தூக்குனா இன்னும் கொஞ்சம் முறுக்குறாரு."

"அந்த வேகத்துல அவருக்குக் கண்ணுல பட்டிருக்காது."

"ரெண்டடி முன்னாடி கெடக்குறேன். என் கை அவருக்குத் தெரியாதா?"

"இன்னும் பன்னெண்டு நாள்தானேம்மா. போட்டி முடிஞ்ச மறுநாள் கவுத்துப் போட்டுர்றேன். சத்தியமா."

அவள் அவனையே பார்த்தாள். பிறகு அந்த அட்டை எழுத்துகளைப் பார்த்தாள். போய்விட்டாள்.

போட்டி எட்டுச் சுற்று. ஆறாவது சுற்றில் பக்கத்துப் படகு கிளப்பிய அலையில் மஞ்சள் படகு ஏறி, ஆளுயரத்துக்கு எழும்பி, தட்டையாக விழுந்தது. அவளுக்கு முதுகுக்குள் சுள்ளி முறிகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. காதால் கேட்டாளா, எலும்பால் கேட்டாளா என்று அவளுக்கே சொல்லத் தெரியவில்லை. "தவழ்!" என்று கேப்டன் கத்தினார். தவழ்ந்தாள். "போ!" என்றார். போனாள். மிச்சம் இரண்டு சுற்றையும் அப்படியே முடித்தாள். இரண்டு படகு நீள இடைவெளியில் கேப்டன் ஜெயித்தார்.

கரைக்கு வந்ததும் புகைப்படக்காரர்கள் சூழ்ந்துகொண்டார்கள். கேப்டன் குனிந்து அவளைக் குழந்தையைத் தூக்குகிற மாதிரி இரண்டு கையிலும் வாரித் தூக்கினார். அவள் வாயைப் பிளந்து அலறினாள். கூட்டம் விசிலடித்தது. "என்ன ஜோடிடா!" என்று யாரோ சொன்னார்கள். மறுநாள் பேப்பரில் அந்தப் படம்தான் வந்தது. 'வெற்றிக் களிப்பில் தம்பதியர்' என்று கீழே போட்டிருந்தார்கள்.

போட்டி நடந்த அன்று சாயங்காலம் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.

"முதுகெலும்புல ஒரு கட்டை நசுங்கியிருக்கு. மாடியிலேர்ந்து விழுந்தீங்களா?"

"பாத்ரூம்ல வழுக்கிட்டா டாக்டர்," என்றார் கேப்டன்.

டாக்டரம்மா அவளுடைய முழங்காலைப் பார்த்தார். ஆறியதன்மேல் மறுபடி வழன்ற தோல். முழங்கையைப் பார்த்தார். பிறகு அண்ணனைப் பார்த்தார். ஃபைபர் சுவரில் ஒட்டியிருந்த தடுப்பூசி அட்டவணையை வாசித்துக்கொண்டிருந்தான்.

மூன்று மாசம் இடுப்பிலிருந்து மார்பு வரை கட்டு. எழுந்து நடமாடியபின் அளந்தால் ஒன்றரை சென்டிமீட்டர் உயரம் குறைந்திருக்கும் என்றார் டாக்டரம்மா.

"உயரம் போனா போகட்டும்," என்றார் கேப்டன் வராந்தாவில். "எடை அப்படியேதானே இருக்கு!"

பேப்பரில் வந்த படத்தை ஃபைபர் வெட்டி, லேமினேட் செய்து, பட்டறை வாசலில் மாட்டினான். படத்தில் தங்கையின் திறந்த வாய்க்குக் கீழே பட்டறையின் பெயர் ஒரு எழுத்துக்கூட மறையாமல் பளிச்சென்று இருந்தது. அவன் மனைவி இரண்டு நாள் அதைப் பார்த்துக்கொண்டே போய் வந்தாள். மூன்றாம் நாள் கேட்டாள்.

"அதை எடுத்துடக்கூடாதா? அவ கத்துறது எனக்கு இங்க வரைக்கும் கேக்குது."

"பேரு நல்லாத் தெரியுது," என்றான். "கொஞ்ச நாள் இருக்கட்டும்."

ஆனால் சத்தியத்தைக் காப்பாற்றினான். படகைக் கவிழ்த்துப் போட்டான். குழியில் பசையும் துணியும் ஏற்றி, உப்பலைச் சீவி, முழ நீளக் கட்டையில் உப்புத்தாளைச் சுற்றிக் குறுக்கும் நெடுக்குமாகத் தேய்த்தான். அலுமினியச் சட்டத்தை வைத்து மறுபக்கம் விளக்கைப் பிடித்தால் மயிரிழை வெளிச்சம்கூட வராத வரைக்கும் தேய்த்தான். டேங்கை நடுவுக்குக் கொண்டுவந்தான், பேட்டரியை முன்னால் மாற்றினான். பழைய கேபிளைப் பிடுங்கிவிட்டு எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் ஸ்டியரிங்கை வைத்தான். இன்ஜினை ஒரு விரற்கடை இறக்கினான். மூன்று இதழ் விசிறிக்குப் பதில் நாலு இதழ். அத்தனை வருஷத்தில் அதைப்போல ஒரு வேலையை அவன் செய்ததில்லை. சில நேரம் தேய்த்துக்கொண்டிருக்கும்போதே கண்ணில் நீர் வரும். தூள் விழுந்துவிட்டது என்று புறங்கையால் துடைத்துக்கொள்வான்.

ஓட்டிப் பார்த்தார்கள். முன்னால் யாரும் இல்லை. நூறு. நூற்றைந்து. ஆட்டம் என்ற பேச்சே இல்லை.

அன்றைக்கே தங்கை வீட்டுக்குப் போனான். அவள் கட்டோடு மல்லாந்து கிடந்தாள். அவன் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"இனிமே முன்னாடி ஆள் வேணாம்மா."

"சரியாயிடுச்சா?"

"கோடு போட்ட மாதிரி போகுது. வந்து பாரேன் ஒரு நாள்."

"மூணு வாரம் ஆச்சா?"

"பத்தொம்பது நாள்லயே முடிச்சுட்டேன்," என்றான் பெருமையாக.

 கட்டோடு திரும்ப முடியாது, அதனால் முகத்தை மட்டும் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.  அவன் தண்ணீர் வேணுமா என்று கேட்டுவிட்டு எழுந்து வந்தான்.

இத்தோடு முடிந்தது என்றுதான் அவன் நினைத்தான். கேப்டன் இருநூறு குதிரைத்திறன் இன்ஜினை வாங்கி மாட்டுகிற வரைக்கும்.

ஆடாத படகு என்று ஒன்று கிடையாது. ஒவ்வொரு படகுக்கும் ஒரு வேகம் இருக்கிறது, அதைத் தாண்டினால் ஆடும். ஃபைபர் அத்தனை நாள் தேய்த்ததெல்லாம் அந்த வேகத்தைக் கொஞ்சம் தள்ளி வைத்ததுதான். தொண்ணூறில் ஆடியது இப்போது நூற்றிருபத்தைந்தில் ஆடியது. படகு நன்றாக இருந்ததால்தான் கேப்டனுக்கு நூற்றிருபத்தைந்துக்குப் போகும் தைரியமே வந்தது.

"ஒரு நூலிழைதான் மச்சான்," என்றார் கேப்டன், பட்டறை வாசலில் காரை நிறுத்திக்கொண்டே. "முன்பாரம் இருந்தா நூத்திமுப்பது போயிரும். அவளுக்குக் கட்டு அவுத்து ஒரு மாசம் ஆச்சு. வீட்டுல சும்மாதான் கெடக்குறா."

"வேணாம் மாப்பிள்ளை."

"என்ன வேணாம்?"

"டாக்டர் குனியவே கூடாதுன்னு சொல்லியிருக்காங்க. இன்னொரு தடவை விழுந்தா காலு போயிரும்."

"டாக்டரா படகு ஓட்டுறாங்க?"

ஃபைபர் கையைத் துடைத்தான். துடைத்த கையையே மறுபடி துடைத்தான். "நான் ஏர்றேன்," என்றான்.

கேப்டன் அவனை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். "நீ எவ்வளவு?"

"எம்பத்தாறு."

"எரும." சிரித்தார். "சரி, டேங்க்ல பாதி எண்ணெயை இறக்கிக்கலாம். நாளைக்கு மத்தியானம் வா. அவளையும் கூட்டிட்டு வர்றேன். உன்னால தாக்குப்பிடிக்க முடியலன்னா அவ ஏறட்டும்."

மறுநாள் வெயில் ஏறியிருந்தது. தங்கை படகுத்துறைப் பலகையில் நின்றிருந்தாள். தோளில் ஒரு துணிப்பை. முன்பைவிடக் குட்டையாகத் தெரிந்தாள். அவன் ஜாக்கெட்டை மாட்டும்போது அவளைப் பார்த்துத் தலையசைத்தான், எல்லாம் அண்ணன் பார்த்துக்கொள்வேன் என்கிற மாதிரி. அவள் அசைக்கவில்லை.

குப்புறப் படுத்தான். அவன் கட்டிக்கொடுத்த அதே கயிறுதான், அவன் கைக்குச் சின்னதாக இருந்தது. படகு கிளம்பியது. எழுபது வரைக்கும் தரை தட்டுவது விளையாட்டு மாதிரி இருந்தது. தொண்ணூறில் ஒவ்வொரு சிற்றலையும் மார்பில் உதைத்தது. நூற்றுப்பத்தில் அவனுக்கு மூச்சை உள்ளே இழுக்க இடம் கிடைக்கவில்லை. பல் தானாகக் கிட்டித்துக்கொண்டு நாக்கு நடுவில் மாட்டியது. வாய் முழுக்க ரத்தம். "தவழ்!" என்று பின்னாலிருந்து குரல். முழங்காலை ஊன்றினான், தரை முழங்காலைத் தூக்கியெறிந்தது. எப்படியோ பின்னால் வந்தான். "போ!" திரும்ப முன்னால். ஒரு சுற்று.

இரண்டாவது சுற்றின் நேர் ஓட்டத்தில் படகு ஆடத் தொடங்கியது. "சாய்டா! சாய்!" என்று கேப்டன் கத்தினார். எந்தப் பக்கம் என்று அவனுக்குத் தெரியவில்லை. இடது பக்கம் படகு போனதும் வலது பக்கம் உருண்டான். அதற்குள் படகு வலது பக்கம் வந்துவிட்டது. அவனும் அதோடு சேர்ந்து விழுந்து ஆட்டத்தைப் பெரிதாக்கினான். தங்கை வெறும் எடையாகக் கிடக்கவில்லை என்பது அப்போதுதான் அவனுக்கு விளங்கியது. ஒவ்வொரு ஆட்டமும் வருவதற்கு முன்னாலேயே அதை வயிற்றால் அறிந்து, எதிர்ப்பக்கம் சாய்ந்து சாய்ந்துதான் அவள் அந்தப் படகை நிமிர்த்தி வைத்திருந்தாள். யாரும் அவளுக்கு அதைச் சொல்லிக்கொடுக்கவில்லை.

அவன் கையைத் தூக்கினான். இன்ஜின் சத்தம் குறையும் என்று காத்திருந்தான். சத்தம் கூடியது.

அடுத்த ஆட்டத்தில், தூக்கிய கையோடே அவன் படகின் விளிம்பில் போய் மோதினான். தோள்பட்டை விலகியது, மேல்கை எலும்பு முறிந்தது. அப்புறம்தான் கேப்டன் வேகத்தைக் குறைத்தார், அதுவும் படகு கவிழ்ந்துவிடுமே என்று.

கரைக்கு வந்தபோது ஃபைபர் படகின் தரையில் பக்கவாட்டில் கிடந்தான். அழுதுகொண்டிருந்தான். வலியில் அழுகிறானா வேறெதற்காகவா என்று அவனுக்கே தெரியவில்லை. தங்கை பலகையின் விளிம்புக்கு வந்து கீழே பார்த்தாள்.

"எத்தனை சுத்துண்ணா?"

"ரெண்டு," என்றான். வாயிலிருந்து ரத்தமும் எச்சிலும் வழிந்தது. "ரெண்டு கூட முழுசா இல்லம்மா."

"நான் எழுபத்து மூணு," என்றாள். "ஒவ்வொண்ணா எண்ணுனேன். வேற என்ன செய்ய?"

கேப்டன் படகுக்குள் நின்று, ஒரு கையால் அதைப் பலகையோடு சேர்த்துப் பிடித்திருந்தார். தொப்பி எங்கோ பறந்துபோயிருந்தது. "பாத்தியா, எம்பத்தாறு கிலோ மாமிசம், ஒரு பொம்பள செஞ்சத செய்ய முடியல. ஏறு மூட்டை."

"ஏற மாட்டேன்."

"என்னது?"

"ஏற மாட்டேன்னேன்." குரலை உயர்த்தவில்லை. பையைத் தோளில் சரியாக மாட்டிக்கொண்டு திரும்பி நடந்தாள்.

"ஏய்! எங்க போற? நில்லு!" கேப்டனுக்கு அவளைத் துரத்த வேண்டும் போலிருந்தது. ஆனால் கயிறு இன்னும் கட்டவில்லை. கையை விட்டால் புது இன்ஜினோடு படகு ஏரிக்குள் நகர்ந்துவிடும். "மச்சான், எழுந்து கயித்தைக் கட்டுடா!" என்று ஃபைபரைக் காலால் உதைத்தார், முறிந்த கைப்பக்கமே. ஃபைபர் எழுந்திருக்கவில்லை. எழுந்திருக்க முடியவில்லையா, இல்லை அந்த ஒன்றையாவது அவளுக்காகச் செய்தானா, இதைப் பற்றி அவன் தன் மனைவியிடம் ஒவ்வொரு தடவை ஒவ்வொரு விதமாகச் சொன்னான். துறைக்கு வெளியே பஸ் வந்து நின்று கிளம்புகிற சத்தம் கேட்டது.

கேப்டனுக்கு அப்புறம் ஒரு குறையும் வரவில்லை. படகை வேறு பட்டறைக்குக் கொண்டுபோனார். ஃபைபரின் பட்டறைப் பெயரைச் சுரண்டியெடுத்தார்கள். மனைவி ஓடிப்போய்விட்டாள் என்று ஊரெல்லாம் சொன்னார், ஊரும் உச்சுக்கொட்டியது. முன்பாரத்துக்கு அறுபது கிலோவில் ஒரு ஆளைப் பிடித்தார். அவன் இரண்டு வாரத்தில் ஓடினான், இன்னொருவனைப் பிடித்தார். அடுத்த வருஷம் இரண்டாவதாக வந்தார். அதற்கடுத்த வருஷம் மறுபடி ஜெயித்தார்.

அன்று பஸ் ஏறிய தங்கை சித்தி வீட்டில் கொஞ்ச நாள் இருந்துவிட்டு வேறு ஊரில் ஒரு பார்சல் ஆபீசில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். அண்ணனின் போனை எடுக்கவில்லை. ஐந்து மாசம் பொறுத்துப் பார்த்துவிட்டு ஃபைபர் நேரிலேயே போனான். அவனுடைய கை கூடியிருந்தது, ஆனால் தோளுக்கு மேல் எழும்பாது. பட்டறையில் இப்போது சின்னச் சின்ன ஒட்டுவேலைதான்.

அவள் கவுண்டருக்குப் பின்னால் நின்றுகொண்டே வேலை பார்த்தாள். நாற்காலி சும்மா கிடந்தது. அவனைப் பார்த்ததும் முகத்தில் எந்த மாறுதலும் இல்லை. வரிசையில் இருந்த மூன்று பேரையும் அனுப்பிவிட்டுத்தான் அவன் பக்கம் வந்தாள்.

"என்ன?"

"உன்னைப் பாக்கத்தாம்மா வந்தேன். அண்ணி இதைக் குடுத்துவிட்டா." ஒரு பையை நீட்டினான். அவள் வாங்கிக்கொள்ளவில்லை. கவுண்டர்மேல் வைத்தான். "நான் செஞ்சது தப்புதான். அந்தப் படத்தைக்கூட எடுத்துட்டேன்."

"எந்தப் படம்?"

அவளுக்கு அது தெரியாது என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. 

"ஒரு மன்னிப்பாவது கேட்டுட்டுப் போறேன்," என்றான்.

"கேட்டுட்டல்ல."

"நீ ஒண்ணும் சொல்லலையே."

அவள் மேல் தட்டில் இருந்த ஒரு அட்டைப்பெட்டியைக் காட்டினாள். "அதை எறக்கிக் குடு. என்னால எட்டித் தூக்க முடியாது."

அவன் அவசரமாகக் கவுண்டரைச் சுற்றி உள்ளே போனான். இடது கையால் பெட்டியின் மூலையைப் பிடித்தான். பெரிய பெட்டி, ஒரு கைக்கு அடங்கவில்லை. வலது கையைத் தூக்கினான். பாதியில் நின்றுவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் தூக்கினான். வியர்த்தது. பெட்டி நகரவில்லை. அவள் கை கட்டிக்கொண்டு முழுசாகப் பார்த்துக்கொண்டிருந்தாள், போதும் என்று சொல்லவில்லை. அவனாகவே கையை இறக்கியபிறகு உள்ளே திரும்பி யாரையோ கூப்பிட்டாள்.

காக்கிச் சட்டை போட்ட ஒரு ஆள் வந்து, பெட்டியை ஒரே இழுப்பில் இறக்கிக் கீழே வைத்தார். ஃபைபரை ஏற இறங்கப் பார்த்தார்.

"யாரும்மா இவரு? கவுண்டருக்கு உள்ள நிக்குறாரு?"

"படகு ரிப்பேர் பண்றவரு," என்றாள் அவள். "கெளம்பிட்டாரு."

காக்கிச் சட்டைக்காரர் கவுண்டர் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார். ஃபைபர் வெளியே வந்தான். அவன் பின்னால் அடுத்த ஆள் பார்சலைத் தூக்கி எடை மெஷின்மேல் வைக்க, அவள் குனியாமல் கண்ணை மட்டும் தாழ்த்தி எண்ணை வாசித்துச் சொன்னாள்.